எடுத்துவிட்ட நான்கு வரிகள்

தனக்கு நன்றி சொல்லி அச்சடித்த வரியைப் படித்து ரத்தம் கொதித்தவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நான் ஒருத்தி. அந்த வரியில் என் முழுப் பெயரும் பதவியும் ஒரு பிழையில்லாமல் இருக்கின்றன. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது எல்லாரும் விடுகிற தவறைக்கூட அதை எழுதிய வைத்தியர் விடவில்லை. அவ்வளவு கவனமாக என்னைக் கவிழ்த்தார்.

நான் மருத்துவ நூலகர். நூலகர் என்றதும் புத்தகத்துக்கு முத்திரை குத்துகிறவள், சத்தம் போடாதே என்று அதட்டுகிறவள் என்றுதான் நினைப்பார்கள். இரண்டும் செய்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் என் வேலையில் பெரும்பகுதி தேடுவது. ஒரு வைத்தியர் குழு ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளும். அந்தக் கேள்வியைப் பற்றி உலகத்தில் இதுவரை நடந்த ஆய்வுகளை ஒன்று விடாமல் திரட்டி, சலித்து, கடைசியில் ஒரு முடிவு சொல்வார்கள். அதற்கு சிஸ்டமேட்டிக் ரிவியூ என்று பெயர். அதில் "ஒன்று விடாமல்" என்கிற பகுதி என் தலையில் விழும். கேள்வியைத் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் எந்தெந்த நாட்டில் என்னென்ன பெயர் சொல்கிறார்கள் என்று பார்த்து, வரி வரியாக எழுதி, ஒவ்வொரு வரிக்கும் இலக்கம் போட்டு, மருத்துவத் தரவுத்தளங்களில் ஓட்ட வேண்டும். நான் ஒரு வரியை எழுதாமல் விட்டால் அதில் அகப்பட வேண்டிய ஆய்வு யார் கண்ணிலும் படாது. அப்படி ஒன்று இருப்பதே வைத்தியர்களுக்குத் தெரியாமல் போகும். இது எனக்கு எப்போதும் கொஞ்சம் பயமாக இருக்கும். அந்தப் பயம் இருந்தால்தான் இந்த வேலையை ஒழுங்காகச் செய்யலாம்.

அந்த வைத்தியர் முதல் தடவை வந்தபோது கவுண்டரில் சிங்களத்தில்தான் பேசினார். நானும் சிங்களத்தில்தான் பதில் சொன்னேன். என் பெயர் சட்டையில் குத்தியிருந்தது, அவர் பெயர் அட்டையில் தொங்கியது. மற்றவர் தமிழ் என்று இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் காட்டிக்கொள்ளவில்லை. சிங்களவர் நிறைந்த இந்த மாவட்டத்தில் தமிழர்களாகிய எங்கள் வழக்கம் அது. நாலு பேர் முன்னால் சிங்களம், பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் தமிழ். யாரும் அதட்டிச் சொல்லிக் கொடுத்ததில்லை, பயம் என்றும் சொல்ல முடியாது. பஸ்ஸில் ஏறியதும் கம்பியைப் பிடிக்கிற மாதிரி கை தானாகப் போகும். பழைய சஞ்சிகைகள் அடுக்கியிருக்கும் பின்னறைக்கு அவரை அழைத்துப் போனேன். கதவு சாத்தியதும் அவர் கேட்டது இதுதான்:

"தங்கச்சி எந்தத் தோட்டம்?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒளிப்பானேன்? அந்தக் கட்டடத்தில் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட அதுவரை ஓர் ஆள் கிடையாது. நிவித்திகலப் பக்கம் என்றேன். அவர் கரவனெல்லப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவராம். அவருடைய அம்மாவும் புகை ரூமில் வேலை பார்த்தவராம். என்னுடைய அம்மா இன்னும் அதில்தான் நிற்கிறார் என்று நான் சொன்னேன். அவர், தன் அம்மா இப்போது டவுனில் தன்னோடு இருப்பதாகவும், கட்டில் பக்கத்தில் ஒட்சிசன் மெஷின் வைத்திருப்பதாகவும் சொன்னார்.

புகை ரூம் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மரத்தில் வடித்த ரப்பர் பாலை அசிட் விட்டு உறைய வைத்து, உருளையில் அழுத்திச் சீட்டாக்கி, ஓர் இருட்டு அறையில் கம்புகளில் தொங்கவிடுவார்கள். கீழே ரப்பர் விறகு நாள் கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். சீட்டைத் திருப்பிப் போட, காய்ந்ததை இறக்க, பெண்கள் உள்ளே போக வேண்டும். முழங்கால் வலி வந்து மலையேறிப் பால் வெட்ட முடியாமல் போனபோது அம்மாவை அங்கே போட்டார்கள். இலேசான வேலை என்று பெயர். அம்மா வாயில் சுருட்டு, பீடி வைத்ததில்லை, வெற்றிலை மட்டும்தான். ஆனாலும் அம்மா இருமுவது எங்கள் வரிசை வீடுகளான லயத்தின் அந்தக் கோடிவரை கேட்கும். தோட்டத்து டிஸ்பென்சரியில் இருமல் தண்ணீர் கொடுப்பார்கள், அதுவும் சில நாள் இருக்காது.

வைத்தியர் எடுத்திருந்த கேள்வி: புகைபிடிக்காத தோட்டத்துப் பெண்களின் சுவாசப்பை கெடுவதற்கு அவர்கள் சுவாசிக்கும் புகை காரணமா? ஆம் என்று முடிவு வந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டங்களிடம் கேட்கலாம் என்றார். புகை ரூமுக்குப் புகைபோக்கியும் காற்று இழுக்கும் ஃபேனும் வேண்டும், உள்ளே நிற்கும் பெண்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை மூச்சுப் பரிசோதனை வேண்டும். எனக்கு மற்றது ஒன்றும் கேட்கவில்லை. அம்மா ஒரு குழாயில் ஊத, ஒரு வைத்தியர் பக்கத்தில் நின்று பார்க்கிற காட்சி மட்டும் மனதில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுப்புப் புகை, வேலைப் புகை, இரண்டையும் தேடுவதா, ஒன்று போதுமா என்று நான் கேட்டேன். நூலகர் கேட்க வேண்டிய கேள்வி அது. அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், அந்த வார்த்தை அவருடையது என்பதற்காக:

"ரெண்டும் வேணும் தங்கச்சி. அடுப்ப மட்டும் சொன்னா, பழிய பொம்பளைங்க தலையில போட்டுட்டு தோட்டத்துக்காரங்க தப்பிச்சுருவாங்க."

அந்தத் தேடலில் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரையான நான்கு வரிகள் புகை ரூமுக்கு. ரப்பர் சீட்டுக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பெயர், புகை போடுவதற்கு வேறு பெயர். ரப்பரோடு நிறுத்தினால் போதாது என்று மீன் கருவாடு புகை போடும் பெண்கள், கொப்பரை வாட்டுகிறவர்கள், புகையிலை உலர்த்துகிறவர்கள் என்று தேடலை விரித்தேன். தரவுத்தளத்தில் ஏறாத பழைய சஞ்சிகைகளைப் பின்னறையில் உட்கார்ந்து கையால் புரட்டினேன். தும்மித் தும்மி மூக்கு சிவந்தது. என்ன அகப்பட்டது என்று இங்கே எழுத மாட்டேன், நான் வைத்தியர் அல்ல. அகப்பட்டது என்பது மட்டும் உண்மை. அவற்றைத் தனியாகக் கட்டி அவரிடம் கொடுத்தேன்.

இப்போது என் தவறைச் சொல்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு நூலகர் எழுதிய தேடலை இன்னொரு நூலகர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பிரதி ஒன்று நூலகக் கோப்பில் இருக்க வேண்டும். எங்கள் தலைமை நூலகர் இந்த விஷயத்தில் ஈவிரக்கம் பார்க்காத சிங்களப் பெண்மணி. கமா ஒன்று இடம் மாறியிருந்தாலும் திருப்பி அனுப்புவார். நான் கோப்பை அவரிடம் கொண்டு போகக் கிளம்பியபோது வைத்தியர், "இதுக்கு எதுக்கு அவங்க? நாங்க ரெண்டு பேரும் பாத்தா பத்தாதா?" என்றார். அந்த "நாங்க" எனக்கு இனித்தது. கோப்பைப் பூட்டாமல், யாரும் திருத்தக்கூடிய வடிவிலேயே பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டேன். இரண்டு புகையும் என்ற முடிவை ஓர் ஈமெயிலில்கூட எழுதி வைக்கவில்லை. எழுத்தில் போவதெல்லாம் எங்களுக்கு ஆங்கிலத்தில், அல்லது சிங்களத்தில். அந்த முடிவைப் பின்னறையில் தமிழில் எடுத்தோம். தமிழில் பேசினால் அதற்கு மேல் ஒரு சாட்சி வேண்டாம் என்று நினைத்த முட்டாள் நான்.

ஒரு சனிக்கிழமை அவர் புகை ரூமைப் பார்க்க வேண்டும் என்றார். நானே எங்கள் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். அம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு ரொட்டியும் சம்பலும் செய்து வைத்திருந்தார். அவர் லயத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கீழே உட்கார்ந்து சாப்பிட்டார். புகை ரூமுக்குள் குனிந்து போய் கண்ணில் நீர் வழிய வெளியே வந்து, "எங்க அம்மாவும் இதுலதாங்கம்மா நின்னாங்க" என்று அம்மாவிடம் சொன்னார். அன்றிலிருந்து அம்மாவுக்கு அவர் டொக்டர் தம்பி. கிளம்புகிற நேரம் தோட்டத்து மனேஜர் துரையின் ஜீப் வந்தது. ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று அவரை மட்டும் பங்களாவுக்கு அழைத்துப் போனார்கள். நான் ரோட்டில் நின்றேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வைத்தியருக்கு மரியாதை கிடைக்கிறதே என்று நின்றுகொண்டே சந்தோஷப்பட்டேன். இன்று நினைத்தால் என்னை நானே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

அதன் பிறகு அவர் பின்னறைப் பக்கம் வருவது குறைந்தது. ஏதாவது கட்டுரை வேண்டுமென்றால் தொலைபேசியில் கேட்பார், சிங்களத்தில். பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்களாக்கும் என்று எண்ணிக்கொண்டேன். எங்கள் தோட்டத்தையும் சேர்த்து நடத்தும் கம்பனிக்கு அவர் மருத்துவ ஆலோசகராகியிருப்பதாகக் கேள்விப்பட்டபோதுகூட, நல்லதுதான், உள்ளே ஓர் ஆள் இருந்தால் காரியம் நடக்கும் என்றுதான் தோன்றியது. நம்ப வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் மனது எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துத் தரும்.

ரிவியூ வெளிவந்தது. வாழ்த்துக்கள் என்று ஒரு வரி எழுதி எனக்கு அனுப்பியிருந்தார். தலைப்பில் அடுப்புப் புகை மட்டும் இருந்தது. சரி, தலைப்பைச் சுருக்கியிருப்பார்கள் என்று கடைசிக்குப் போனேன். தேடல் வரிகளை அப்படியே பின்னிணைப்பில் போடுவது வழக்கம், இன்னொருவர் ஓட்டிப் பார்த்தால் அதே விடை வர வேண்டும் என்பதற்காக. பதினொன்றுவரை என்னுடையவை. பன்னிரண்டைப் படித்ததும் என்னிடமிருந்த சொந்தப் பிரதியைத் திறந்தேன். என்னுடைய பதினாறு, பன்னிரண்டு என்ற இலக்கத்தில் இருந்தது. நடுவில் நான்கு வரிகளைக் காணவில்லை. இலக்கங்களைப் புதிதாகப் போட்டு, வெட்டிய இடமே தெரியாமல் ஒட்டியிருந்தார்கள்.

அதைவிட மோசமானது உள்ளே இருந்தது. தோட்டத்துப் பெண்களின் சுவாசப்பை நோய்க்கு முக்கியக் காரணம் வீட்டு அடுப்பு என்று முடிவு எழுதி, அதன் கீழே இன்னொரு வாக்கியம்: வேலைத்தளப் புகை பற்றிய ஆய்வுகள் எதுவும் இந்தத் தேடலில் அகப்படவில்லை. அதற்கும் கீழே, தேடலை வடிவமைத்து ஓட்டியவர் என்று என் பெயர், நன்றியோடு. நான் தும்மிக்கொண்டே புரட்டி எடுத்துக் கட்டிக் கொடுத்த அத்தனையும் இல்லையாம். இல்லை என்பதற்குச் சாட்சி நானாம்.

அவருடைய அறை வாசலில் போய் நின்றேன். உள்ளே கூப்பிட்டார். நான் தமிழில் தொடங்கியதும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"ஸ்கோப்ப கொஞ்சம் கொறைச்சோம் தங்கச்சி. ரெண்டையும் போட்டா கம்பனி தோட்டத்துக்குள்ளயே விடமாட்டாங்க. மொதல்ல அடுப்பு. மத்தத பொறவு பாப்போம்."

குறைத்தால் குறைத்தோம் என்று எழுதியிருக்கலாமே, அகப்படவில்லை என்று ஏன் எழுத வேண்டும், தேடவில்லை என்று எழுதினால் என்ன என்று கேட்டேன்.

"தேடலன்னு எழுதுனா, ஏன் தேடலன்னு கேப்பாங்களே."

அவ்வளவு தெளிவாகச் சொன்னார். கொஞ்சம் திக்கித் திணறியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். உங்கள் பெயரை அவ்வளவு மரியாதையாகப் போட்டிருக்கிறேனே என்றார். நீங்கள் சொன்ன வார்த்தை ஞாபகம் இருக்கிறதா, பொம்பளைங்க தலையில் பழி போடுவார்கள் என்றீர்களே அண்ணா, என்று கேட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சிங்களத்தில், வேறு வேலை இருக்கிறது மிஸ், ஏதாவது குறை இருந்தால் எழுத்தில் கொடுங்கள் என்றார். கதவு சாத்தித்தான் இருந்தது. அறையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஒருவரும் இல்லை. யாருக்காகச் சிங்களத்துக்கு மாறினார் என்று படி இறங்கும்போதுதான் உறைத்தது. எனக்காகத்தான். தங்கச்சி என்று உள்ளே விட்டவர், மிஸ் என்று வெளியே தள்ளினார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு அவமானத்தை நான் பட்டதில்லை.

எழுத்தில் கொடுப்பது என்றால் என் தவறையும் எழுத வேண்டும். சரிபார்க்காத தேடலைக் கொடுத்தது யார், கோப்பில் பிரதி வைக்காதது யார் என்ற கேள்விகள் வரும். அதனால் மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இதையும் சொல்லிவிட வேண்டும். அவரைத் துரோகி என்று திட்டிக்கொண்டே அந்த மூன்று வாரமும் அவருக்கு உதவி செய்தது நான்தான்.

நான்காவது சனிக்கிழமை ஊருக்குப் போனேன். நல்ல மழை. அம்மா லயத்துக்கு வெளியே ஒரு தகரத்தைச் சாய்த்துக் கட்டி, அதன் கீழே மூன்று கல் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார். முதுகுப் பக்கம் சேலை நனைந்திருந்தது. உள்ளே அடுப்பு இருந்த இடம் சாணி போட்டு மெழுகியிருந்தது. என்ன இது என்றேன். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் கூட்டம் வைத்தார்களாம். தோட்டத்தின் நலன்புரி அலுவலர் வந்து தமிழில் அச்சடித்த ஒரு தாளை எல்லாருக்கும் கொடுத்தாராம். அம்மா அதைச் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் காட்டினார். அடுப்பு எரியும் படம், இருமும் பெண்ணின் படம், வேலைத்தளப் புகையால் கெடுதல் என்று எதுவும் அகப்படவில்லை என்று ஒரு வரி, கீழே சின்ன எழுத்தில் ரிவியூவின் பெயர், தேடலுக்கு நன்றி என்று என் பெயர். கூட்டத்தில் அந்தப் பெயரை வாசித்தபோது எல்லாரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்களாம்.

"நாந்தான் ஊதி ஊதி கெடுத்துக்கிட்டேன் போல புள்ள" என்றார் அம்மா. "சின்னதுல ஒனக்கும் அந்தப் பொகயத்தானே குடுத்து வளத்தேன். தெரியாமப் போச்சு."

அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே அடுத்ததைச் சொன்னார். புகை ரூமில் கூட நிற்கும் பெண் வேலைக்கு வருவதில்லையாம். கங்காணி கேட்டதற்கு, இரண்டு ஆள் வேலையையும் தானே பார்ப்பதாக அம்மா சொல்லிவிட்டாராம்.

"புகை ரூமுல ஒண்ணுமில்லன்னு நீ தேடிப் பாத்துட்டுதானே எழுதியிருக்க. அப்ப எனக்கு என்ன பயம்?"

மழையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தேடினேன் அம்மா, அகப்பட்டது அம்மா, நான் எழுதியதை எடுத்துவிட்டு என் பெயரை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள் அம்மா. யார் எடுத்தது என்று கேட்டார். சொன்னேன். அம்மா நம்பவில்லை. டொக்டர் தம்பியா, இங்கே உட்கார்ந்து சாப்பிட்ட தம்பியா என்று இரண்டு தடவை கேட்டார். அதற்குப் பிறகு ரொட்டியைத் தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினார். இரட்டை வேலை வேண்டாம் என்று கெஞ்சினேன். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, வேறு எந்த வேலையில் தன்னைப் போடுவார்கள் என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை காலை தலைமை நூலகரின் மேசையில் என் பழைய தேடலையும் அச்சில் வந்த பின்னிணைப்பையும் அருகருகே வைத்தேன். அவர் பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்து, பன்னிரண்டில் நிறுத்தினார். ஏன் என்னிடம் காட்டவில்லை என்று கேட்டார். பதில் எனக்குத் தெரியும், வைத்தியர் தமிழில் பேசினார் என்பதற்காக. அதை அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்த்துச் சிங்களத்தில் சொல்ல என்னால் முடியவில்லை. என் தவறு என்று மட்டும் சொன்னேன். அன்று மாலையே சஞ்சிகைக்குக் கடிதம் எழுதினோம். விடுபட்ட நான்கு வரிகளை இலக்கத்தோடு எழுதி, அவற்றில் அகப்பட்டவற்றின் பட்டியலையும் சேர்த்து, ஒன்று அவற்றைத் திரும்பப் போடுங்கள், இல்லாவிட்டால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். சரிபார்க்காமல் கொடுத்தது நான் என்பதையும் எழுதினேன். தலைமை நூலகர் என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். கடிதம் கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது. அதற்கு மேல் இன்னும் ஒன்றும் வரவில்லை.

கடிதம் அனுப்பி இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது. அம்மா அந்த நேரத்தில் கூப்பிடுகிறவர் அல்ல. பயந்துபோய் என்னவென்று கேட்டேன். இருமல் ஓயும்வரை நான் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் தம்பியின் அம்மா இன்னும் இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார், மகன் வீட்டில் படுக்கையில், மெஷின் வைத்து மூச்சு விடுகிறார் என்றேன்.

"அப்ப அந்தத் தம்பி அவங்ககிட்டயும் அடுப்புனாலதான் வந்துச்சுன்னு சொல்லியிருப்பாரோ, பாவம்" என்றார் அம்மா.